எண்ணிப் பார்த்ததால் தெரிந்த தீங்கு

காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக வருவதாக 1970களின் ஆய்வுகள் பல சொல்லின. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின்தான் அதற்குக் காரணமோ என்று 1981இல் 'நேச்சர்' இதழில் ரிச்சர்ட் பீட்டோவும் சக ஆய்வாளர்களும் கேட்டார்கள். அது கேள்விதான், முடிவல்ல. விடை தேடி 1985இல் பின்லாந்தின் தென்மேற்குப் பகுதியில் பெரிய சோதனை ஒன்று தொடங்கியது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். எல்லாரும் 50 முதல் 69 வயதுக்குள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கிடைத்தது, மற்றவர்களுக்கு அது இல்லை. யாருக்கு எது என்பது விழுங்கியவருக்கும் தெரியாது, கவனித்த மருத்துவருக்கும் தெரியாது. 1994இல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் 474 பேருக்கு நுரையீரல் புற்றுநோய். பெறாதவர்களில் 402 பேருக்கு. காக்கும் என்று கொடுத்த மாத்திரை நோயை 18 சதவீதம் கூட்டியிருந்தது.

அந்த 474 பேரில் ஒருவரைத் தனியாகப் பார்த்தால் எந்த மருத்துவரும் சிகரெட்டைத்தான் குற்றம் சொல்லியிருப்பார். மாத்திரையின் தீங்கு வழக்கமான நோயின் உருவிலேயே வந்ததால், ஒப்பிட இன்னொரு பாதி இல்லாதிருந்தால் அது வெளியே தெரிந்திருக்காது. "பல வருடமாகச் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் நிற்காமல் போவது இங்கேதான். ஒரு தற்செயலை வைத்து இப்படிப் பேசலாமா என்ற ஐயம் அப்போதும் எழுந்தது. ஆனால் அமெரிக்காவில் நடந்த இதே போன்ற இன்னொரு சோதனையிலும் நுரையீரல் புற்றுநோய் கூடியதால், 1996 ஜனவரியில், குறித்த நாளுக்கு 21 மாதம் முன்பே மாத்திரையை நிறுத்தினார்கள். இவ்வளவுக்கும் கேரட்டின் மேல் பழியில்லை. பின்லாந்துச் சோதனையிலேயே, தொடக்கத்தில் ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் குறைவாகத்தான் வந்தது. உணவில் இருக்கும் பல பொருள்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, அளவைக் கூட்டிக் கொடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்று நம்பியதுதான் தவறு.

வைட்டமின் மாத்திரையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க, கருவுறும் முன்பே தாய்க்குக் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்தின் பயனை 1991இல் பிரிட்டன் முன்னின்று நடத்திய சோதனை நிரூபித்தது. அதையும் நிரூபித்தது ஒப்பீடுதான். புகைபிடிக்கிறவர்களுக்கு மட்டுமான ஆபத்து இது என்று சிலர் சொல்வார்கள். பீட்டா கரோட்டினைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. ஆனால் 2001இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களோடு தொடங்கிய சோதனை சாதாரணமாக ஆரோக்கியமாக இருந்தவர்களை வைத்து நடந்தது. அதில் ஒரு பிரிவினர் தினமும் 400 அலகு வைட்டமின் ஈ எடுத்துக்கொண்டார்கள். 2008இல் மாத்திரையை நிறுத்தியபோது உறுதியான வேறுபாடு எதுவும் தென்படவில்லை. தொடர்ந்து கண்காணித்ததில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது 2011இல்தான் தெரியவந்தது.