விருதுநகர் மாவட்டத்துக்கு எஸ்.பி. எங்கிருந்து வருகிறார்?

அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் காவல் தலைவரை ஷெரிஃப் என்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர்களில் பலர் அதே கவுண்டியில் சாதாரண டெபுடியாகச் சேர்ந்து, சிறைக் காவல், ரோந்து என்று படிப்படியாக மேலே வந்தவர்கள். சென்னையிலும் 1998 வரை ஒரு ஷெரீப் இருந்தார். ஆனால் அது வெறும் கௌரவப் பதவி. கையில் லத்தியும் கிடையாது, கீழே போலீசும் கிடையாது! நம் ஊரில் அந்த அமெரிக்க ஷெரிஃபுக்கு ஈடானவர் மாவட்டக் காவல்துறைக் கண்காணிப்பாளர், அதாவது எஸ்.பி. தான். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போன விருதுநகர் மாவட்டத்தை வைத்து, இந்த எஸ்.பி.க்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் ஒரு சுவாரசியமான வரலாறு கிடைக்கிறது.

சென்னை மாகாணத்தின் நவீன போலீஸ் 1859ம் ஆண்டின் 24வது சட்டத்தால் உருவானது. அதன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் வில்லியம் ராபின்சன். அவர் போலீஸ்காரர் அல்ல, வருவாய்த் துறை பார்த்த சிவில் அதிகாரி. பின்னாளில், 1875ல், சில மாதங்கள் சென்னையின் தற்காலிக கவர்னராகவும் இருந்தார். அவருக்குக் கீழே மாவட்டங்களை நடத்த வந்த ஐரோப்பிய சூப்பரின்டென்டென்டுகளில் பெரும்பாலோர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். 1857 புரட்சி முடிந்த சூடு ஆறாத காலம் அல்லவா? திருடனைப் பிடிப்பவரை விடக் கூட்டத்தைக் கலைக்கத் தெரிந்தவரே அரசுக்கு வேண்டியிருந்தது.

1893ல்தான் லண்டனில் இதற்கென்று போட்டித் தேர்வு தொடங்கியது. எழுதியவர்கள் பள்ளிப் படிப்பு முடித்த ஆங்கிலேய இளைஞர்கள். தமிழே தெரியாமல் கப்பலேறி வந்து, இங்கே வந்துதான் மொழி படித்தார்கள். ஸ்டேஷனை நடத்தியதோ ஹெட் கான்ஸ்டபிள், நம் கிராமத்து ஜனங்கள் வாயில் 'ஏட்டய்யா'. ஊரும் ஆளும் அவருக்குத் தெரியும், ஆனால் அவர் எஸ்.பி. ஆக முடியாது. ஒரே துறைக்கு இரண்டு வாசல்கள் என்ற வழக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது.

1899 ஜூன் 6ம் தேதி சிவகாசியில் பெரும் சாதிக் கலவரம் வெடித்தது. அன்று சிவகாசி, திருநெல்வேலி மாவட்டத்தின் வட கோடியில் இருந்த ஊர். மாவட்டத் தலைநகரமோ சுமார் 100 கிலோமீட்டர் தெற்கே. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து ஊரைத் தாக்கினார்கள். தடுக்கும் அளவுக்கு அங்கே போலீஸ் பலம் இல்லை. 1910ல் ராமநாதபுரம் மாவட்டம் பிறந்து சிவகாசி அதில் சேர்ந்தது. அப்போதும் தூரம் குறைந்தபாடில்லை. கலெக்டர் அலுவலகம் பல பத்தாண்டுகள் மதுரையில்தான் இருந்தது!

1902-03ல் வந்த ஃபிரேசர் கமிஷன் இந்த இரண்டு வாசல் சங்கதியை லேசாகத் தொட்டது. ஸ்டேஷனுக்குப் படித்த இந்தியர்களை நேரடியாக சப்-இன்ஸ்பெக்டராக எடுக்கலாம் என்றது. அதற்கு மேலே இந்தியர்களுக்காக டி.எஸ்.பி. என்ற பதவியையும் சொன்னது. ஆக, இரண்டு வாசல் மூன்றானது, நான்கானது. வாசல்கள் கூடினவே தவிர, கடைசி வாசலில் நுழைந்த கான்ஸ்டபிளின் பாதை நீளவில்லை. மேல்மட்டத் தேர்வை இந்தியாவிலேயே எழுதும் வாய்ப்பு 1921ல்தான் வந்தது. சென்னை மாகாணப் போலீசில் பணியாற்றிய டி.ஜி. சஞ்சீவி பிள்ளை, சுதந்திர இந்தியாவில் மத்திய உளவுத் துறையின் முதல் தலைவரானார்.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. விருதுநகர் போலீஸ் நிலையத்தில் குண்டு வீசியதாக 1933ல் தொடரப்பட்ட வழக்கில் சிக்க வைக்கப்பட்டவர்களில் ஒருவர் காமராஜர். வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடினார்கள், குற்றச்சாட்டு நிற்கவில்லை. 1954ல் அவரே முதலமைச்சர். அதே மாகாணப் போலீஸ் அவருக்கு சல்யூட் அடித்தது. ஆனால் அவர் ஆட்சியிலும் எஸ்.பி. வரும் வழி மாறவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் ஐ.பி.எஸ். வந்தது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம் என்பதால் பின்னணிகள் பலவிதமாயின. 2021 முதல் 2023 வரை தமிழகக் காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு விவசாயப் பட்டதாரி. 1976ம் ஆண்டு பிரிவில் வந்த திலகவதி, 'கல்மரம்' நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது பெற்ற எழுத்தாளர். அதே ஆண்டு பிரிவைச் சேர்ந்த லத்திகா சரண், 2010ல் தமிழகத்தின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனார். இன்னொரு வழி, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 எழுதி டி.எஸ்.பி.யாகச் சேர்ந்து, குறைந்தது எட்டு ஆண்டு கழித்து ஐ.பி.எஸ். தகுதிக்குப் பரிசீலிக்கப்படுவது. மூத்த பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்தப் பதவி உயர்வுக்காரர்களுக்கு உரியது.

1985 மார்ச் 15ல் ராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்து காமராஜர் மாவட்டம் உருவானபோதுதான் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.பி. வந்து உட்கார்ந்தார். 1997ல் இங்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டியதை ஒட்டிக் கலவரம் மூண்டது. தமிழகம் முழுக்க மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரே நீக்கப்பட்டு, இது விருதுநகர் மாவட்டமானது. பதவியேற்கும் எஸ்.பி.க்கு ஒரு பக்கம் இந்தக் கலவர வரலாறு, இன்னொரு பக்கம் வெடிமருந்து.

இந்த வெடிமருந்து விஷயத்தில்தான் அனுபவம் எவ்வளவு முக்கியம் என்பது தெரிகிறது. 1884ம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி ஆலையில் விபத்து என்றால் வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கும் தகவல் தர வேண்டும். சம்பவ இடத்துக்கு முதலில் ஓடுபவர் எஸ்.பி. அல்ல, ஸ்டேஷனில் இருக்கும் ஏட்டும் எஸ்.ஐ.யும்தான். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர். முதல் வெடிப்பைக் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்த சுற்று வட்டார மக்கள், அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டவர்கள். முதல் சத்தத்துக்குப் பிறகு கூட்டத்தை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது, எந்த ஷெட்டில் மணி மருந்து மீதமிருக்கும் என்பதெல்லாம் எந்தப் பட்டப்படிப்பிலும் வராத பாடம். சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பல வருடம் பணிபுரிந்த காவலருக்கு அது தெரிந்திருக்கும். வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் எஸ்.பி. அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கும் மனம் இருந்தால்!

வெளியூர் அதிகாரி என்பதில் நன்மையும் இல்லாமல் இல்லை. ஆலை அதிபருக்கு உறவில்லாதவர், உள்ளூர் சாதிக்கு ஒட்டில்லாதவர் தலைமையில் இருப்பது 1899ஐயும் 1997ஐயும் பார்த்த மண்ணுக்குத் தேவைதான். குறை இருப்பது கீழிருந்து வரும் பாதையில். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்பவர் 10 ஆண்டில் முதல் நிலை, அடுத்த 5 ஆண்டில் ஏட்டு, அதற்கும் 10 ஆண்டு கழித்து சிறப்பு எஸ்.ஐ. என்பதே நெடுங்காலம் இருந்த கணக்கு. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவருக்கு அப்போது வயது நாற்பத்தேழு. எஸ்.ஐ. நேரடித் தேர்வில் பணியில் இருக்கும் காவலர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. பந்தோபஸ்துக்கும் இரவு ரோந்துக்கும் நடுவே படித்து அதில் தேறுபவர்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு சற்றே சுருங்குகிறது.