விடத் தெரிந்தால்தான் பட்டம் விடலாம்

பேரிகையில் ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. காற்று வந்தால் பட்டம் ஞாபகம் வரும். இந்த முறை கவலையும் சேர்ந்து வந்தது.

ஓசூரில் வேலை பார்க்கும் என் தங்கை பேரன், ராமேஸ்வரம் போய் மூன்று நாள் கைட் சர்ஃபிங் கற்று வந்தான். பெரிய பட்டத்தை இடுப்புப் பட்டையில் மாட்டி, பலகைமேல் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு. "அடுத்த தடவை யாரும் வேண்டாம் தாத்தா, நானே ஏத்தி நானே இறக்கிடுவேன்" என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. வரலாற்று வாத்தியார் வேறென்ன செய்வார்? வரலாற்றைத்தான் சொன்னேன்.

இதற்கு முன்னோடி ஒரு பள்ளி ஆசிரியர்! இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் போகாக். 1826இல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை இல்லாததால் சுங்கச்சாவடியில் கட்டணம் கேட்க வழியில்லை. தம் மகள் மார்த்தாவையே நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டத்தால் உயரே தூக்கினார். அந்த மார்த்தாவின் மகன்தான் கிரிக்கெட் மேதை டபிள்யூ.ஜி. கிரேஸ்.

கடலில் சிக்கல் வேறு. தண்ணீரில் விழுந்து நனைந்த பட்டம் எழாது. 1984இல் பிரான்சின் புரூனோ, டொமினிக் லெகேனூ சகோதரர்கள் காற்றடைத்த குழாய்கள் கொண்ட பட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது மிதக்கும், பிறர் உதவியின்றி நீரிலிருந்தே எழும். 1997இல் 'விபிகா' என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பட்டங்களின் இழுப்பை முழுதாகக் குறைக்க முடியாது. சுவரிலும் மரத்திலும் மோதி உயிரிழந்தவர்கள் உண்டு. 2005ஐ ஒட்டி வந்த, அதே புரூனோவின் புதிய வடிவம்தான் இழுப்பை ஏறக்குறைய முழுதாக அடக்க வழிசெய்தது. தனியே எழக் கற்றபின், அடங்கக் கற்க இருபது ஆண்டு!

அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் முதலில் விடுவிக்கும் பிடியை இழுத்துப் பழக்குகிறார்கள். தனியே ஏற்றும்போது பட்டம் காற்றுக்குப் பக்கவாட்டில் இருக்கவேண்டும். ஒரு நுனியை மடித்து மணல் போடுவார்கள். கயிறுகளைச் சரிபார்த்து, மெல்லப் பின்வாங்கினால் மணல் சரியும், பட்டம் ஓரமாகவே எழும். காற்று போகும் திசையில் நேரே வைத்து ஏற்றினால் முழு வேகத்தில் இழுத்துவிடும். இறக்கும்போது ஓரத்தில் தாழ்த்தி, பிடியை விடுவிக்கவேண்டும். பட்டம் ஒற்றைக் கயிற்றில் துவண்டு விழும். கயிற்றைக் கையில் சுற்றாமல், பிடித்தபடியே நடந்துபோய் பட்டத்தை அமுக்கவேண்டும். கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றில் இறங்கவே கூடாது. உதவ ஆள் இருந்தால் கேட்பதில் வெட்கமில்லை.

என் வலது ஆள்காட்டி விரல் தழும்பை வகுப்பில் பார்த்திருப்பீர்கள். பத்து வயதில் நம் ஏரிக்கரையில், பட்டம் பறந்துவிடக் கூடாதென்று நூலை விரலில் சுற்றிக்கொண்டேன். பட்டம் போகவில்லை, நூல் எலும்புவரை இறங்கியது.

பேரனிடம் அதைத்தான் சொன்னேன்: "போனால் பட்டம் போகட்டும்டா, நீ வந்துடு." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னும் ரெண்டு நாள் சார்கிட்டயே கத்துக்கிறேன் தாத்தா" என்றான். நேற்று நன்றாகத் தூங்கினேன்.

அன்புடன், உங்கள் பழைய வாத்தியார்.