ரோம மேட்டுக்குடியினரின் மணமும் மணமுறிவும்

குடியரசின் இறுதிக்கால ரோமில் மேட்டுக்குடித் திருமணம் இரு குடும்பங்களின் அரசியல் கூட்டணி. கூட்டணி பயனற்றுப்போனால் மணமும் முறிந்தது. அதற்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை. இருவரில் ஒருவர் விருப்பமில்லை என்று ஆள் அனுப்பிச் சொன்னால் போதும். மனைவியர் பலர் மணமான பின்னும் சட்டப்படி தந்தையின் அதிகாரத்திலேயே இருந்தனர். சீதனத்தைத் திருப்பித் தருவதுதான் கணவனுக்குத் தலைவலி.

கி.மு. 230 வாக்கில் ஸ்பூரியஸ் கார்விலியஸ் என்பவர் பிள்ளையில்லை என்று மனைவியை விலக்கியதே முதல் மணமுறிவு என்று ரோமர்கள் சொல்லிக்கொண்டனர். முன்னோர் ஒழுக்கத்தைப் பெருமை பேசுவோருக்கு வசதியான கதை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டத்திலேயே மணவிலக்கு இடம்பெற்றிருந்தது.

சர்வாதிகாரி சுல்லா பிறர் மணங்களையும் தானே தீர்மானித்தார். அவர் சொல்லுக்கிணங்கி இளம் தளபதி பொம்பி மனைவி ஆன்டிஸ்டியாவை விலக்கி, சுல்லாவின் மனைவியுடைய மகள் எமிலியாவை மணந்தார். அவளோ அப்போது முந்தைய கணவனின் பிள்ளையைச் சுமந்திருந்தாள், பிரசவத்தில் இறந்தாள். இதே போன்ற கட்டளையை மறுத்தவர் ஜூலியஸ் சீசர்.

அந்தச் சீசரே கி.மு. 62இல் பெரும் அவதூறு ஒன்றின் நடுவில் சிக்கினார். ஆண்கள் நுழையக் கூடாத போனா தேயா தேவியின் சடங்கு அவர் வீட்டில் நடந்த இரவில், பப்ளியஸ் குளோடியஸ் பெண் வேடத்தில் உள்ளே புகுந்தார். குரல் காட்டிக்கொடுத்தது. சீசரின் மனைவி பொம்பெயாவைத் தேடியே வந்தார் என்று ஊர் பேசியது. சீசர் அவளை விலக்கினார். ஆனால் மறு ஆண்டு நடந்த வழக்கில், தனக்கு ஒன்றும் தெரியாது, தன் மனைவிமீது சந்தேகம்கூட விழக் கூடாது என்பதால்தான் விலக்கினேன் என்றார். இதைக் கணவனின் மான உணர்ச்சி என்பதைவிட அரசியல் கணக்கு என்பதே பொருத்தம். குளோடியஸ் அன்று ஊரில் இல்லை என்ற வாதத்தைப் பேச்சாளர் சிசரோவின் சாட்சியம் உடைத்தும், லஞ்சம் புழங்கிய வழக்கில் 31 நடுவர்கள் விடுதலைக்கும் 25 பேர் தண்டனைக்கும் வாக்களித்தனர். கி.மு. 58இல் குளோடியஸ் மக்கள் ட்ரிப்யூன் ஆனதும் சிசரோ நாடுகடத்தப்பட்டார். சாமானியருக்கே உரிய அப்பதவிக்காக, உயர்குடியில் பிறந்த குளோடியஸ் சாமானியர் குடும்பமொன்றுக்குத் தத்துப்போக, கி.மு. 59இல் உதவியவர் சீசர்தான்.

அதே ஆண்டில் சீசர் தன் மகள் ஜூலியாவைப் பொம்பிக்கு மணமுடித்தார். கி.மு. 54இல் அவள் பிரசவத்தில் இறந்தபின் இருவரின் உறவும் தளர்ந்தது.

மண வாழ்வைக் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர் முதல் பேரரசர் அகஸ்டஸ். அவர் வரலாறும் அப்படியொன்றும் தூய்மையானதல்ல. மகள் ஜூலியா பிறந்த நாளிலேயே அவள் தாய் ஸ்கிரிபோனியாவை விலக்கியவர், கி.மு. 38இல், கர்ப்பிணியாயிருந்த லிவியாவை அவளுடைய முன்னாள் கணவரே முன்னின்று தாரைவார்க்க மணந்தவர். கி.மு. 18இல் அவர் கொண்டுவந்த சட்டங்கள் மணமாகாமலிருப்போரின் வாரிசுரிமையைக் குறைத்தன, பிறன்மனை உறவைக் குற்றமாக்கின. மனைவியின் தவறு தெரிந்தும் விலக்காத கணவனும் தண்டனைக்குரியவன். கி.மு. 2இல் இச்சட்டம் அவர் வீட்டுக்கே வந்தது. மகள் ஜூலியாமீதான பிறன்மனைக் குற்றச்சாட்டு செனட்டில் வாசிக்கப்பட, அவள் பாண்டடேரியா தீவுக்கு அனுப்பப்பட்டாள். உடன் குற்றம் சாட்டப்பட்டவர்களில் மார்க் ஆன்டனியின் மகன் யூலஸும் ஒருவன். அவன் உயிர் பிழைக்கவில்லை. வெறும் ஒழுக்க வழக்குக்கு இது அதிகம். சதி இருந்திருக்கும் என்ற ஐயம் வரலாற்றாசிரியர்களிடம் இன்றும் உண்டு.

கி.பி. 62இல் பேரரசன் நீரோ, மலடி என்று சொல்லித் தன் மனைவி ஆக்டேவியாவை விலக்கினான். மக்கள் அவளுக்காகத் தெருவில் இறங்கியதும் பிறன்மனைக் குற்றம் சுமத்தி அதே தீவுக்கு அனுப்பிக் கொல்லச் செய்தான்.