ஜன்னலோரம் நின்றவர்கள்

1917 டிசம்பர் 6. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம். காலை எட்டே முக்கால் மணிக்கு, கடல் ஒடுங்கிச் செல்லும் இடத்தில் நார்வே கப்பல் 'இமோ'வும் பிரெஞ்சுக் கப்பல் 'மோன் பிளாங்'கும் மோதிக்கொண்டன. மோதல் பெரிதல்ல. ஆனால் மோன் பிளாங்கின் மேல்தளத்துப் பீப்பாய்கள் உடைந்து பென்சால் கொட்ட, இரும்பு உரசிய தீப்பொறி அதைப் பற்றிக்கொண்டது.

அடித்தளத்தில் இருந்தது போர்ச் சரக்கு: பிக்ரிக் அமிலம் மட்டும் சுமார் 2,300 டன், டிஎன்டி 200 டன். வெடிமருந்துக் கப்பல் என்று காட்டும் சிவப்புக் கொடி அதில் பறக்கவில்லை. பறந்தால் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் கண்ணில் பட்டுவிடும் என்ற பயம். மாலுமிகள் படகுகளில் எதிர்க்கரைக்குத் தப்பியபடி பிரெஞ்சில் கத்தினார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை.

எரியும் கப்பல் கரையை நோக்கி மிதந்தது. கரும்புகைக்குள் தீப்பந்துகள் எழ, பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். குளிருக்கு வெளியே வராதவர்கள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

விஷயம் தெரிந்த ஒருவர் கரையில் இருந்தார். ரிச்மண்ட் ரயில் நிலையத்தின் வின்சென்ட் கோல்மன். வெளியே ஓடியவர் திரும்பி வந்து தந்திக் கருவியின் முன் அமர்ந்தார். வெடிமருந்துக் கப்பல் எரிகிறது, ரயிலை நிறுத்துங்கள், இதுவே என் கடைசிச் செய்தி என்று தட்டினார். சுமார் 300 பேருடன் வந்த ரயில் ஊருக்கு வெளியிலேயே நின்றது. கோல்மன் பிழைக்கவில்லை.

மணி 9.04. கப்பல் வெடித்துச் சிதறியது. நங்கூரத்தின் அரை டன் துண்டு 3 கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழுந்தது. ஏறக்குறைய 2,000 பேர் மாண்டார்கள், காயம்பட்டவர்கள் 9,000. இந்தக் கணக்கில் என்னால் கடக்க முடியாதது கண்கள். நெற்றி ஒட்டியிருந்த அதே கண்ணாடி தூள்தூளாகி முகத்தில் பாய, சுமார் 5,900 பேருக்குக் கண்ணில் காயம். நியூ கிளாஸ்கோவிலிருந்து ஓடிவந்த மருத்துவர் ஜார்ஜ் காக்ஸ் ஒருவரே 75 கண்களை அகற்ற வேண்டியிருந்தது. சிலருக்கு இரண்டு கண்களையும். கப்பலில் என்ன இருக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் ஜன்னலை விட்டு விலகியிருப்பார்கள்.

மறுநாள் பனிப்புயல் வந்தது. ஊரின் வடபகுதியில் உருப்படியான கண்ணாடி கிடையாது. எஞ்சிய வீடுகளில் ஜன்னல் ஓட்டைகளைப் பலகையாலும் கம்பளத்தாலும் அடைத்து, உள்ளே காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள்.