குறிப்பாணைக்கும் மருந்துச்சீட்டுக்கும் நடுவே: தாம்பரம் வட்டாரத்தில் முன்களப் பணியாளரின் குடிநோயும் மனநலமும்

ஆய்வுச் சுருக்கம்

காவலர், தீயணைப்பு வீரர், 108 ஆம்புலன்ஸ் பணியாளர் ஆகியோரைப் பீடிக்கும் குடிநோயையும் மனநலச் சிக்கல்களையும் தாம்பரத்தையும் சென்னையின் தென்புறநகரையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. குடி கெடுதல் என்பது இவர்களுக்குத் தெரியும். சிகிச்சைக்குப் போனால் வேலைக்கு ஆபத்து வராது என்ற உறுதிதான் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பையும் மருத்துவக் கோப்பையும் பிரிக்காதவரை எந்த நலத்திட்டமும் உரியவரைச் சென்றடையாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. களம்

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2022 ஜனவரி 1 அன்று தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் செயல்படத் தொடங்கியது. குரோம்பேட்டை, சேலையூர், பீர்க்கன்காரணை தொடங்கி பள்ளிக்கரணை, கண்ணகி நகர், செம்மஞ்சேரி வழியாகக் கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் வரை அதன் எல்லை விரிகிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென்மாவட்டப் பேருந்துகளின் நெரிசலும் ஜிஎஸ்டி சாலையின் இந்தப் பகுதியில் குவிந்தது.

இவ்வட்டாரத்தின் அண்மைக்கால நினைவில் பேரிடர்கள் பல உண்டு. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். இடிபாட்டைக் கிளறி உடல்களை எடுக்கும் வேலை நாள்கணக்கில் நீடித்தது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது; முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர்ப் பகுதிகளில் மீண்டும் படகு விட வேண்டியதாயிற்று.

பேரிடர்கள் செய்தியாகின்றன. அன்றாடம் அப்படி ஆவதில்லை. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்ரயில் பாதையில் தண்டவாளத்தைக் கடந்து அடிபட்டவரின் உடலைச் சேகரித்து, துணியில் சுற்றி, குரோம்பேட்டை அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு அனுப்பி, உறவினருக்கு போன் செய்து தகவல் சொல்லும் வேலையை யாரோ ஒரு ரயில்வே காவலர் செய்கிறார். வண்டலூர் அருகே நசுங்கிய காருக்குள் உயிர் இருக்கிறதா என்று முதலில் கை வைத்துப் பார்ப்பவர் 108 வண்டியின் மருத்துவ உதவியாளர். மருத்துவமனையில் ஒப்படைத்ததும் அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. நோயாளி பிழைத்தாரா என்பதுகூடப் பெரும்பாலும் அவருக்குத் தெரியவராது. பேரிடரில் படும் காயத்தைவிட, முடிவு தெரியாத இப்படிப்பட்ட காட்சிகள் அன்றாடம் சேர்ந்துகொண்டே போவது மனத்தை மெல்ல அரிக்கிறது.

2. குடி என்னும் பணிக்கருவி

பிணவறையிலும் பாதாளச் சாக்கடையிலும் உழைப்பவர்கள் ‘குடிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது’ என்று சொல்வதைத் தமிழகம் பல காலமாகக் கேட்டுவருகிறது. அழுகிய உடலைத் தூக்க வருபவருக்குக் கூலியோடு ‘குவார்ட்டர்’ வாங்கிக்கொடுக்கும் வழக்கத்தையும் நாம் அறிவோம். கையுறை, முகக்கவசம், ஓய்வு, ஆறுதல் ஆகியவை தரவேண்டிய இடத்தில் நம் சமூகம் சாராயத்தைத் தந்திருக்கிறது. சீருடை அணிந்தவர் இந்த வழக்கத்தை அருகிலிருந்து பார்க்கிறார். நாளடைவில் அதையே தானும் கைக்கொள்கிறார். மனவலியைத் தணிக்கும் மருந்தாகப் போதைப்பொருளைத் தானே தேடிக்கொள்வதை ‘சுயமருத்துவக் கருதுகோள்’ என்று அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985இல் விளக்கினார். நம் ஊரில் அந்த மருந்தை எழுதிக்கொடுப்பது தொழில் மரபேதான்.

பணிநேரமும் இதற்குத் துணைபோகிறது. இந்தியக் காவலர் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் உழைக்கிறார் என்று காமன் காஸ், சிஎஸ்டிஎஸ் நிறுவனங்களின் 2019ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்தது. 108 பணியாளர்களின் முறைப்பணி 12 மணி நேரம். இரவுப்பணி முடிந்து பகலில் தூங்க வேண்டியவர் தூக்கம் வராமல் குடிக்கிறார். மது கண்ணை மூடவைக்கும். ஆனால் சில மணி நேரத்தில் தூக்கத்தைக் கலைத்துவிடும். மறுநாள் எரிச்சல், அதை ஆற்ற இன்னும் கொஞ்சம் என்று அளவு ஏறுகிறது.

அளவு ஏறியபின் சிக்கல் உடலுக்குள் போய்விடுகிறது. நாள்தோறும் அதிகம் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சித்தப்பிரமை தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்று நாள் திருவிழா பந்தோபஸ்துக்குத் திடீரென அனுப்பப்படும் ஒரு தலைமைக் காவலரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இரண்டே வழிகள்: பணியில் மறைவாகக் குடிப்பது, அல்லது பணியிடத்திலேயே நடுங்கி விழுவது. முதலாவது குற்றம், இரண்டாவது அவமானம். ‘மனசு வச்சா விட்டுடலாம்’ என்ற அறிவுரை இந்த இடத்தில் பயனற்றது, ஆபத்தானதும்கூட. குடும்பத்தார் உணவில் மறைத்துக் கலக்கும் டைசல்பிரம் மாத்திரையும் அப்படித்தான்: உட்கொண்டது தெரியாமல் அவர் குடித்தால் உயிர் போகலாம்.

3. திட்டங்கள் எங்கே நிற்கின்றன

தமிழக அரசு கைகட்டி நின்றுவிடவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு 2018இல் ‘காவலர் நிறைவாழ்வு’ப் பயிற்சி தொடங்கியது, குடும்பத்தினரையும் அது உள்ளடக்கியது நல்ல முன்னெடுப்பு. பின்னர் வந்த ‘மகிழ்ச்சி’ திட்டம் குடிநோயும் மனஅழுத்தமும் உள்ள காவலருக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தர முயன்றது. 2021இல் காவலருக்கு வாரவிடுமுறை அறிவிக்கப்பட்டது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் தொலைபேசி மனநல சேவை இயங்குகிறது. 2025இல் 25 அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடி ஒரு நோய், குடும்பம் முழுவதையும் பாதிக்கும் நோய் என்ற புரிதலைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தது. ஆக, அறிவும் மருத்துவமும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் சென்று சேர்வோர் மிகக் குறைவு. மதுச் சிக்கல் உள்ளோரில் சுமார் 86 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றது 2015–16ஆம் ஆண்டு தேசிய மனநலக் கணக்கெடுப்பு. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் சிகிச்சை பெற்றதாக எய்ம்ஸ் மருத்துவமனையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. பொதுமக்களின் நிலையே இது. பெயர் வெளியே தெரிந்தால் ‘மெமோ’ வரும் என்று அஞ்சும் சீருடையாளர் இன்னும் பின்வாங்குவார் என்று கொள்வதே நியாயம். மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தில் காய்ச்சல் என்று எழுதுவது எளிது; குடிநோய் என்று எழுதத் துணிபவர் அரிது.

ஒருமுறை நடத்தும் வகுப்பின் எல்லையையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆஸ்திரேலியாவில் 1983 காட்டுத்தீயை எதிர்கொண்ட 469 தீயணைப்பு வீரர்களை அலெக்சாண்டர் மக்ஃபார்லேன் 29 மாதங்கள் வரை பின்தொடர்ந்தார். சிலரிடம் பாதிப்பு தாமதமாகவே தோன்றியது. சம்பவம் முடிந்ததும் பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து ஒரே அமர்வில் பேசவைப்பது பிற்கால மனவடுவைத் தடுப்பதில்லை என்று 2002ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு முடிவுசெய்தது. மவுலிவாக்கத்தின் சுமை 2014 ஜூலையோடு இறங்கிவிடுவதில்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்தபின்னும் கதவு திறந்தே இருக்க வேண்டும்.

மனநோய் பதவியையும் பார்ப்பதில்லை. 2023 ஜூலையில் கோவைச் சரகக் காவல்துறைத் துணைத்தலைவர் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனஅழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்ததாக உயரதிகாரிகள் தெரிவித்தனர். எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் கற்பிப்பது தவறு. ஆயினும் மனநோய் ‘கீழ்நிலைக் காவலரின் பலவீனம்’ என்ற எண்ணம் பொய் என்பதை அந்த இழப்பு உணர்த்திற்று.

4. சட்டம் சொல்வதும் நடைமுறை செய்வதும்

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அதன் 23ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களின் இரகசியத்தைக் காக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பணிக்காலத்தில் குறைபாடு எய்திய அரசு ஊழியரைப் பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்கிறது. ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மனநலக் குறைபாடு உடைய ஒரு மத்திய ஆயுதக் காவல்படை அதிகாரிமீது நடந்த ஒழுங்கு விசாரணையில், அக்குறைபாடு நடத்தைக்கு ஒரு காரணமாக இருந்தாலே பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு அவருக்கு உண்டு என்று அது தீர்ப்பளித்தது.

தமிழகச் சார்நிலைக் காவலரின் ஒழுங்கு விதிகள் 1955ஆம் ஆண்டவை. ‘3பி சார்ஜ்’ என்று காவலர்கள் அஞ்சிச் சொல்லும் பெருந்தண்டனைக் குற்றச்சாட்டு அதில் உள்ளது. குடி அங்கே நடத்தைக்கேடு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதுவே நோய். ஒரே மனிதர் இரண்டு சட்டங்களுக்கு நடுவே நிற்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது முதலாவது மட்டுமே. 108 பணியாளருக்கோ அந்த நிலையும் இல்லை. 2008 செப்டம்பரில் தொடங்கிய அச்சேவை தனியார் நிறுவனம்வழி நடத்தப்படுவதால், அவர் அரசு ஊழியரும் இல்லை, காவலர் நலத்திட்டங்களின் பயனாளியும் இல்லை. ஒரே விபத்துக்கு ஒன்றாக ஓடிவந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் ஆலோசகர் உண்டு என்பது அறமாகாது.

5. மறுப்பும் விடையும்

துப்பாக்கி ஏந்துபவரும் ஆம்புலன்ஸ் ஓட்டுபவரும் போதையில் இருந்தால் பிறர் உயிர் போகும். பரிவு காட்டினால் ஒழுங்கு குலையும் என்பது வலுவான மறுப்பு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தண்டனை அச்சம் குடியை நிறுத்துவதில்லை, மறைக்கவே செய்கிறது. மறைந்த குடிநோயாளியின் கையில் துப்பாக்கியும் ஸ்டியரிங்கும் அப்படியே இருக்கின்றன. மக்களின் பாதுகாப்பே நம் கவலை என்றால், நோயை வெளியே வரவழைப்பதுதான் அதற்கு வழி.

நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமக்கும் விமானிகளின் துறையே இதற்கு முன்மாதிரி. அமெரிக்காவில் 1970களில் உருவான ‘ஹிம்ஸ்’ திட்டம், குடிநோயுள்ள விமானியை உடனே விமானத்திலிருந்து இறக்குகிறது. சிகிச்சையும் நீண்டகாலக் கண்காணிப்பும் தந்து, தேறியவரை மீண்டும் விமானி இருக்கையில் அமர்த்துகிறது. விமானி முன்வருவதற்குக் காரணம், திரும்பிச் செல்லும் பாதை அவர் கண்ணுக்குத் தெரிவதுதான்.

6. செய்யத்தக்கவை

முதலாவதாக, தானே முன்வந்து சிகிச்சை கேட்பவர்மீது அக்காரணத்துக்காக ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று அரசாணை வர வேண்டும். பணியில் போதையில் இருந்தவருக்கு இது பொருந்தாது. அவருக்கும் தண்டனையோடு சிகிச்சை உண்டு. ஆயுதத்தையும் ஓட்டுநர் பணியையும் தற்காலிகமாக மாற்றுவது மருத்துவ முடிவாக இருக்க வேண்டும். ஊதியமும் பணிமூப்பும் குறையக் கூடாது.

இரண்டாவதாக, சிகிச்சை ஆணையரக வளாகத்துக்கு வெளியே, தாம்பரம், குரோம்பேட்டை அரசு மருத்துவமனைகளின் மாலைநேரப் புறநோயாளர் பிரிவில் நடக்க வேண்டும். மேலதிகாரிக்குப் போகும் தாளில் ‘பணிக்குத் தகுதி’ அல்லது ‘தற்காலிகமாகத் தகுதியில்லை’ என்ற ஒரு வரியைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது.

மூன்றாவதாக, குடியிலிருந்து மீண்ட சக பணியாளர்களுக்குப் பயிற்சியளித்துத் துணைநிற்கவைக்க வேண்டும். கைநடுக்கத்தோடு ரோல் காலில் நின்ற அனுபவம் உள்ளவர் சொல்லும் சொல்லுக்குத் தனி எடை உண்டு. நான்காவதாக, நோயை முதலில் காண்பவர் மனைவியோ தாயோ என்பதால், அவர்கள் நேரடியாக ஆலோசகரை அணுக வழி வேண்டும். அவர்கள் பேசியது நிலையத்துக்குப் போகாது என்ற உறுதியும் வேண்டும். ஐந்தாவதாக, தீயணைப்பு வீரர், ரயில்வே காவலர், 108 பணியாளர், பிணவறை ஊழியர் அனைவருக்கும் ஒரே கதவு திறந்திருக்க வேண்டும். காக்கிக்கும் ஒப்பந்தச் சீருடைக்கும் துயரம் வேறுவேறு இல்லை.

முடிவுரை

நடத்திய வகுப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு இதுவரை நலத்திட்டங்களை அளந்தோம். இனி அளவுகோல் வேறாக வேண்டும்: யாரும் பிடிக்காமல், யாரும் புகார் செய்யாமல், தானாகவே முன்வந்து சிகிச்சை கேட்டவர் ஆண்டுக்கு எத்தனை பேர், அவர்களில் பணிக்குத் திரும்பியவர் எத்தனை பேர்? முடிச்சூர் வெள்ளத்தில் நம் வீட்டுக் குழந்தையைத் தோளில் சுமந்தவருக்கும், தண்டவாளத்தில் சிதறியவரை உரிய மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பியவருக்கும் இச்சமூகம் கடன்பட்டிருக்கிறது. அவர் தம் விடுப்பு விண்ணப்பத்தில் நோயின் உண்மைப் பெயரை அச்சமின்றி எழுத முடிகிற நாளில்தான் அக்கடன் அடையத் தொடங்கும்.