மாண்ட மன்னனை எழுப்பிய ஈரக் காகிதம்

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஓர் எகிப்திய மன்னனின் உடல் ஆய்வுக்கூட மேசைமீது கிடக்கிறது. விஞ்ஞானி ஒருவர் அதன் கையிலும் மார்பிலும் மின்கம்பிகளை இணைக்கிறார். பொறி பறக்கிறது. மன்னன் கண் விழிக்கிறான்!

இத்தகைய கதைகளை வாசகர்கள் படித்திருப்பீர்கள், திரையிலும் பார்த்திருப்பீர்கள். இந்தக் கற்பனைக்கு ஏறத்தாழ 200 வயது. 1827-இல் லண்டனில் ஜேன் வெப் என்ற இளம்பெண் 'மம்மி' என்னும் நாவலை வெளியிட்டார். 22-ஆம் நூற்றாண்டில் நடப்பதாக எழுதப்பட்ட அக்கதையில், பெரிய பிரமிடைக் கட்டிய கியோப்ஸ் மன்னனை மின்கலத்தின் உதவியால் எழுப்புகிறார்கள். இது வெறும் கனவில் முளைத்ததன்று. இத்தாலியரான கால்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடிப்பதைக் கண்டிருந்தார். அவருடைய மருமகன் ஆல்டினி 1803-இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரத்தைச் செலுத்திக் காட்டினார். பிணத்தின் தாடை அசைந்தது. ஒரு கண் திறந்தது. பார்த்தவர்கள் நடுங்கினார்கள். உயிர் என்பதே மின்சாரம்தானோ என்று அந்நாளில் பலர் எண்ணியதில் வியப்பில்லை அல்லவா?

இனி லண்டனை விட்டு நம் காவிரிக் கரைக்கு வருவோம்.

தஞ்சை அரண்மனையில் ஒரு மின்பொறி

அப்போது தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798 முதல் 1832 வரை) ஆண்டுவந்தார். 1826-இல் அவரைக் காணவந்த ஆங்கிலேயர், அவருடைய நூலகத்தில் மின்பொறி, காற்றை வெளியேற்றும் எந்திரம், தந்தத்தாலான எலும்புக்கூடு, வானியல் கருவிகள் ஆகியவற்றைக் கண்டு எழுதி வைத்துள்ளனர். பிணத்தை எழுப்பும் கதைக்கு வேண்டிய கருவிகளெல்லாம் நம் ஊரிலும் இருந்தன!

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அந்த அரண்மனையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் பெரிய கோயில் இருக்கிறது. அதே கோயிலின் சுற்றுச்சுவரில் 1803-இல் சரபோஜி மன்னர் தம் போன்சலே குலத்தின் வரலாற்றை மராத்தியில் வெட்டுவித்தார். அக்கோயிலின் நடுவிமானத்தைச் சுற்றிப் பழந்தமிழ் எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. கோயிலைக் கட்டியவன் யார் என்பதை அவ்வெழுத்துகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆயினும் அவற்றை முழுதும் படித்து உலகுக்குச் சொல்ல ஆள் இல்லை. கரிகாலன் தன் தொழுநோய் நீங்கியதற்காகக் கட்டினான் என்று தலபுராணம் கூறியது. ஊராரும் அதை நம்பினர். முதலாம் இராஜராஜன் தான் கட்டிய கோயிலிலேயே மறக்கப்பட்டுக் கிடந்தான்.

1014-இல் மறைந்த அவனுக்கு எகிப்திய முறைப்படி பதப்படுத்திய உடல் கிடையாது. மின்கம்பியை எங்கே இணைப்பது? அவனை எப்படி எழுப்புவது?

உடலா, எழுத்தா?

இதற்கு விடையை எகிப்தே தருகிறது. 1881-இல் தீப்ஸ் நகருக்கு அருகே ஒரு மறைவிடத்தில் பல மன்னர்களின் மம்மிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றை 1886 ஜூன் மாதம் கெய்ரோவில் துணி பிரித்துப் பார்த்தார்கள். அதுவே மாமன்னன் இரண்டாம் ராம்சேஸின் உடல். 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வுடல் யாருடையது என்று எப்படித் தெரிந்தது? சவப்பெட்டியிலும் சுற்றிய துணியிலும் பழைய பூசாரிகள் எழுதிவைத்த குறிப்புகளால்தான். அவ்வெழுத்தைப் படிக்கும் வழியை 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் கண்டிராவிட்டால், ராம்சேஸ் பெயரற்ற பிணமாகவே இருந்திருப்பான்.

பின்னாளில் அந்த உடலுக்கும் விஞ்ஞானம் தொண்டு செய்தது. 1976-இல் அதைப் பாரிசுக்கு விமானத்தில் கொண்டுசென்று எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்தார்கள். மூக்கினுள் மிளகு மணிகள் இருந்தன! மிளகு நம் தென்னிந்தியச் சரக்கல்லவா? உடலைத் தின்றுகொண்டிருந்த பூஞ்சைக் காளானை 1977-இல் காமாக் கதிர்களைச் செலுத்தி அழித்தார்கள். நோய், வயது, உணவு ஆகியவற்றை உடல் சொல்லும். ஆனால் 'நான் இன்னான்' என்று எழுத்துதான் சொல்லும்.

காகிதமும் தூரிகையும்

ராம்சேஸின் துணியைப் பிரித்த அதே 1886-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் ஜெர்மானிய அறிஞர் ஹூல்ட்ஷ் என்பவரைக் கல்வெட்டு ஆய்வாளராக நியமித்தது. அவருக்குத் துணையாக வெங்கய்யா என்ற இளம் அறிஞர் பணியாற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை அவர்கள் படியெடுத்தனர். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற தொகுதி வரிசையின் இரண்டாம் தொகுதியாக அவை 1891 முதல் வெளிவரலாயின.

படியெடுக்கும் முறை மிக எளியது. முதலில் கல்லை நீர்விட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த காகிதத்தை எழுத்துகளின்மேல் பரப்பி, கெட்டி மயிர்த் தூரிகையால் அடிப்பார்கள். நீரில் ஊறிய காகித இழைகள் இளகி, எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும். அரைகுறையாக உலர்ந்ததும் மை தோய்த்த பந்தால் ஒற்றுவார்கள். மேட்டில் மை படும், பள்ளத்தில் படாது. கருப்பின்மேல் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும். இதுதான் மைப்படி. காகிதம் உலர்ந்த பின் இழைகள் அந்தப் பள்ளத்தின் வடிவத்தையே பிடித்துக்கொள்கின்றன. ஆகவே சுவரையே சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் சென்று, மேசைமீது விரித்துப் படிப்பது போன்ற வசதி இது!

கோயிலின் பெயர் இராஜராஜேச்சரம், எடுப்பித்தவன் இராஜராஜ சோழன் என்பது ஐயமற நிலைபெற்றது. கரிகாலன் கதை கதையாகவே நின்றது.

நிலவு சொன்ன சாட்சி

மன்னனின் பெயர் கிடைத்தது. அவன் எப்போது வாழ்ந்தான்? சோழ மன்னர்கள் பெரும்பாலும் தம் ஆட்சியாண்டையே கல்லில் குறித்தார்கள். '25-ஆவது ஆண்டு' என்றால் எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது? இங்கேதான் வானியல் கைகொடுத்தது.

ஒரு கல்வெட்டு, 'மேஷ ஞாயிறு, வளர்பிறை, திங்கட்கிழமை, ரோகிணி' என்று கூறுவதாக வைத்துக்கொள்வோம். சந்திரன் வானத்தை ஒருமுறை சுற்ற 27 நாளுக்குச் சற்று அதிகமாகிறது. ஆகவே ஒரு சூரிய மாதத்தில் அது ரோகிணியைப் பொதுவாக ஒரு முறையே கடக்கும். அந்த நாள் திங்கட்கிழமையாக அமைய ஏழில் ஒரு வாய்ப்புதான் உண்டு. எனவே ஓர் ஐம்பதாண்டுக் காலத்தில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளே பொருந்தும். அதே மன்னனின் இன்னொரு கல்வெட்டையும் எடுத்துக்கொண்டால், ஆட்சியாண்டு வேறுபாட்டைக் கொண்டு அந்த ஏழில் ஒன்றே மிஞ்சும் எனலாம். மூன்றாவது கல்வெட்டு அதை உறுதிசெய்யும். வளர்பிறை என்ற சொல்லும் வீணன்று. மேஷத்தில் சூரியன் இருக்கும்போது ரோகிணியில் நிற்கும் நிலவு வளர்பிறையாகத்தான் இருக்க முடியும். கல்தச்சன் தவறாக வெட்டியிருந்தால் இது காட்டிக்கொடுத்துவிடும்!

இவ்வாறு பல கல்வெட்டுகளைக் கணக்கிட்டு, ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன், இராஜராஜன் ஆட்சி கி.பி. 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையே தொடங்கியது என்று கண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நிகழ்ச்சியை ஒரே மாதத்துக்குள் அடக்கிவிட்டார்! பின்னர் சாமிக்கண்ணுப் பிள்ளை தயாரித்த பஞ்சாங்க அட்டவணைகள் இக்கணக்கை எல்லோருக்கும் எளிதாக்கின.

மாணவர்கள் இதையே நீட்டிப் பார்க்கலாம். விமானத்தின் உச்சிக்குரிய பொன்தகடு போர்த்த செப்புக் குடத்தை மன்னன் தன் 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாளில் கொடுத்தான் என்று கல்வெட்டு கூறுகிறது. 25-ஆம் ஆண்டு 1009 ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ தொடங்கும். அதிலிருந்து 275-ஆம் நாள் 1010 மார்ச் 26-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே விழும். டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து, கோடை தொடங்கும் பருவம்!

எழுந்தவன் என்ன பேசினான்?

கதையில் எழும் எகிப்திய மன்னர்கள் சாபமிடுவார்கள். அல்லது தத்துவம் பேசுவார்கள். நம் மன்னன் கணக்குச் சொன்னான். தான் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவிமார் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை அனைத்தையும் விமானத்துக் கல்லில் வெட்டுமாறு அவன் ஆணையிட்டிருந்தான். பொன் எத்தனை கழஞ்சு, எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கின்றன. நெல்லை அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவனின் பெயர்!

அவன் தனியாகவும் எழவில்லை. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் குடியேற்றப்பட்ட 400 நடனப் பெண்கள் அவனோடு எழுந்தனர். திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் என்று அவர்களின் சொந்த ஊரும், தெருவும், எத்தனையாவது வீடு என்பதும் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். இசைவாணர், தச்சர், தையற்காரர், நாவிதர், வண்ணார் ஆகியோரின் பங்குகளும் உண்டு. எகிப்தில் பிரமிடு மன்னனுக்கு வீடு. இங்கே கல்வெட்டு ஓர் ஊருக்கே வீடு.

முகம் தெரியுமா?

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடைவழியில், நாயக்கர் கால ஓவியங்கள் உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து பழைய ஓவியங்கள் எட்டிப்பார்ப்பதைக் கண்டார். அவை சோழர் ஓவியங்கள்! சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்தார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ணம் தீட்டியிருப்பதாக அவர் விளக்கினார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. பிற்காலத்தில் தொல்லியல் துறை வேதியியலார் சில இடங்களில் மேலடுக்கு ஓவியத்தைப் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தனர். இரு காலத்து ஓவியங்களும் பிழைத்தன.

அவற்றுள் ஓர் ஓவியத்திலுள்ள இருவரை இராஜராஜன் என்றும் அவன் குருவான கருவூர்த்தேவர் என்றும் பலர் கூறுவர். ஆனால் அங்கே பெயர் எழுதப்படவில்லை. ஆகவே அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாருங்கள், உருவம் இருந்தும் எழுத்து இல்லாவிட்டால் முடிவு இல்லை!

2020-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் நெஸ்யாமுன் என்ற எகிப்தியப் பூசாரியின் மம்மியை ஊடுகதிர் அடுக்குப்படம் எடுத்து, அவர் தொண்டையின் வடிவத்தை அச்சிட்டு, அதன்வழியே ஒலியைச் செலுத்தினார்கள். வந்தது ஒரே ஓர் உயிரெழுத்தின் ஒலி. பெரிய சாதனைதான். ஆனால் தஞ்சைக் கல் உயிரும் மெய்யும் சேர்த்து முழு வாக்கியங்களாகவே பேசுகிறது அல்லவா?

இரண்டாவது மரணம்

இறந்த உடலை மின்சாரம் எழுப்பாது என்பதை இன்று நாம் அறிவோம். தவளையின் கால் துடித்தது, அதன் தசையில் வேதி ஆற்றல் இன்னும் மிஞ்சியிருந்ததால்தான். எகிப்திய மம்மியிலோ மூளையையே அகற்றிவிட்டார்கள். சிதறிய ஒழுங்கைத் திரும்பக் கூட்ட எந்தப் பொறியாலும் ஆகாது. ஆனால் கல்லில் வெட்டிய ஒழுங்கு சிதறாதவரை, ஈரக் காகிதத்தாலும் கூட்டல் கழித்தலாலும் ஒரு மனிதனை நினைவுக்குள் எழுப்ப முடியும்.

சிதறாதவரை என்றேன். இந்தக் கவலையைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பெரிய கோயிலின் கல்வெட்டுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. டெல்டாவின் சிற்றூர்க் கோயில்களுக்கோ பல சமயம் அது இல்லை. நெல்வயல் நடுவே உள்ள அத்தகைய ஒரு கோயிலுக்கு என் மாணவர்களுடன் சென்றிருந்தேன். திருப்பணியில் ஒரு கல்வெட்டின் பாதியைச் சிமெண்டு மூடியிருந்தது. மறுபாதிக்கல் தலைகீழாகப் படிக்கட்டில் கிடந்தது. யாரும் தீய நோக்கத்தோடு செய்யவில்லை. படிக்கத் தெரியாததால் செய்தார்கள். ஒரு மாணவன் என்னிடம், "சார், இதில் யார் பேர் இருந்திருக்கும்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பெயருக்கு அது இரண்டாவது மரணம். அதற்குப் பிறகு எழுப்ப வழியில்லை.

வாசகர்களே, உங்கள் ஊர்க் கோயிலில் எழுத்துள்ள கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டிய பிறகு ஒரு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். சாய்ந்த ஒளியில் பள்ளங்களில் நிழல் விழுந்து, பகலில் தெரியாத எழுத்துகள் எழுந்து நிற்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். எண்ணெய், வண்ணம், சாக்கட்டி எதையும் பூசாதீர்கள். திருப்பணி தொடங்கும் முன்பே தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். மணல் வீசிச் சுவரைச் சுரண்டுவதைத் தடுத்துச் சொல்லுங்கள்.

மாண்டவரை எழுப்பும் கருவி ஒரு டார்ச் விளக்கின் விலைக்குக் கிடைக்கிறது. யாரை எழுப்பப் போகிறீர்கள் என்பதை உங்கள் ஊர்ச் சுவர் சொல்லும்.