கற்றதைக் கற்பித்தவர்கள்

மராட்டிய மண்ணில் வாழும் தமிழராகிய நாம், இம்மண்ணின் கல்வி வரலாற்றையும் அறிந்து போற்றுதல் வேண்டும். தொழில் நாடி வந்த நமக்கு இந்நிலம் ஊதியம் மட்டுமா தந்தது? நம் மக்கள் கற்கப் பள்ளிகளையும் தந்தது. பெண்ணுக்கும் ஏழைக்கும் இங்கே பள்ளிக் கதவு எளிதில் திறந்துவிடவில்லை.

சாவித்திரிபாய் புலே 1831-ஆம் ஆண்டில் சாத்தாரா மாவட்டத்து நைகாம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். மணமாகி வந்தபோது அவர் எழுத்தறியாதவர். கணவர் ஜோதிராவே அவருக்கு ஆசானானார். 1848-இல் புனே நகரத்துப் பிடே வாடா என்னும் இல்லத்தில் அவ்விருவரும் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். ஊதியம் கருதாது அப்பணியை மேற்கொண்ட சாவித்திரிபாய்க்கு அப்போது அகவை பதினேழு.

எதிர்ப்போ கடுமையாயிருந்தது. பள்ளிக்குச் செல்லும் வழியில் சிலர் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் வீசினர். அவர் மாற்றுச் சேலை ஒன்றை உடன் எடுத்துச் சென்றார் என்பர். 1849-இல் தந்தையின் இல்லத்தைவிட்டே தம்பதியர் வெளியேற நேர்ந்தது. அந்நாளில் உஸ்மான் சேக் என்னும் நண்பர் தம் இல்லத்தில் அவர்களுக்கு இடமளித்தார். சமயம் வேறாயினும் உள்ளம் ஒன்றாயிருந்தது.

1855-இல் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் இரவுப் பள்ளி தொடங்கப்பெற்றது. பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில் எழுத்துக் கற்றனர். அதே ஆண்டில், அவர்தம் பள்ளியில் பயின்ற முக்தா என்னும் ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுமி, தம் மக்கள் படும் துயரை ஒரு கட்டுரையாக வடித்தாள். 'ஞானோதய' என்னும் மராத்தி இதழ் அதனை வெளியிட்டது. கணவர் மனைவிக்குக் கற்பித்தார்; மனைவி சிறுமியர்க்குக் கற்பித்தார்; சிறுமியோ கற்ற எழுத்தால் தன் குலத்துக்காகப் பேசினாள். கல்வி ஒருவரோடு நில்லாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

பிடே வாடா, நினைவகம் எழுப்பும் பொருட்டு 2023-ஆம் ஆண்டின் இறுதியில் இடிக்கப்பட்டது. எழுத்தறியாது மணமகளாய் வந்த அப்பெண்மணியின் பெயரையோ 2014 முதல் புனேப் பல்கலைக்கழகமே தாங்கி நிற்கின்றது. நம் பிள்ளைகள் பெறும் பட்டத்திலும் அப்பெயர் பொறிக்கப்படுகின்றது.

அப்பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுமோ? நம் குடியிருப்புகளில் பணி ஓய்வு பெற்ற பெரியோர் பலர் உளர். கணக்கும் மொழியும் நன்கறிந்த தாய்மார் பலர் உளர். அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் வாரம் ஒரு மணி நேரம் அமர்ந்து, பின்தங்கிய பிள்ளைக்குக் கூட்டலும் வாசித்தலும் கற்பிக்க நம்மால் இயலாதா? சேறு வீசுவோர் இன்று நம் வழியில் இல்லை. மாற்றுச் சேலையும் தேவையில்லை. வேண்டுவது அந்த ஒரு மணி நேரமே. பேரப்பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். கற்பிப்பதை அவர்கள் நம்மைக் கண்டு கற்கட்டும்.